செம்புத் தகட்டில் ஓர் உடல்

வணக்கம்.

சிற்பி எமிலியோ கிரேக்கோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய எட்சிங்குகளை, அதாவது செம்புத் தகட்டில் கீறி எடுக்கும் அச்சுப்படங்களை, தேடிப் பார்த்தேன். பெரும்பாலும் நிர்வாணப் பெண்கள். உடல் முழுக்க மீன்வலை போலக் கோடுகள். வெண்கலத்தில் வேலை செய்கிறவருக்குச் செம்புத் தகட்டில் என்ன வேலை? விற்பனைக்காகத்தான் என்று தோன்றுகிறது. இந்த இத்தாலியச் சிற்பிகளுக்குப் பெண்ணுடலை விட்டால் வேறு எதுவும் கிடைக்கவில்லையா?

ம., மதுரை

அன்புள்ள ம.,

விற்பனையும் உண்டு, மறைப்பானேன்? வெண்கலச் சிலை வாங்க முடியாதவர் எண்ணிட்டுக் கையெழுத்துப் போட்ட ஒரு பிரதியை வாங்கலாம். ஃப்ளாரன்ஸில் 1959இல் தொடங்கிய ‘இல் பிசோன்தே’ போன்ற அச்சுக்கூடங்கள் சிற்பிகளையும் கூப்பிட்டு வரைய வைத்தன.

ஆனால் நீங்கள் வலை என்று சொல்லும் கோடுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுகிறார்கள். கீறிய இடம் மட்டும் அரிபடும். அந்தப் பள்ளத்தில் தங்கும் மைதான் ஈரத்தாளில் ஏறுகிறது. ஆக, தோல் என்று நாம் பார்ப்பது மை படாத வெறும் காகிதம். கிரேக்கோ தோளின் வளைவோடு சேர்த்துக் கோட்டையும் வளைக்கிறார், உடல் உள்வாங்கும் இடத்தில் நெருக்குகிறார், மேடேறும் இடத்தில் கையை எடுத்துவிடுகிறார். ஓவியர் மொராந்தி பாட்டில்களை வரைந்த எட்சிங்குகளிலும் குறுக்குக் கோடுகள்தான். ஆனால் அவை பாட்டிலைச் சுற்றி வளையாது. அங்கே எவ்வளவு வெளிச்சம் என்று மட்டும் சொல்லும். கிரேக்கோவின் கோடு களிமண்ணைத் தடவிப் பழகிய விரலிலிருந்து வருகிறது.

அவர் பிறகு அதே நீண்ட கழுத்தையும் அதே ஒயிலான முகத்தையும் திரும்பத் திரும்பப் போட்டார் என்பதும் உண்மை. அந்த அழகு எனக்குச் சலித்துவிட்டது. உங்கள் சந்தேகம் அங்கே செல்லுபடியாகும்.

இன்னொரு சிற்பி மரீனோ மரீனியிடம் செல்லுபடியாகாது. அவருடைய பொமோனா, கனிகளுக்கான பழைய ரோமானியத் தெய்வம். லித்தோகிராஃப் என்னும் கல்லச்சுப் படத்திலும் அவள் கனத்த தொடையோடு மண்ணில் ஊன்றித்தான் நிற்கிறாள். யாரையும் மயக்க வந்தவள் அல்ல. ‘பெண்ணுடல் மட்டுமா’ என்ற கேள்விக்கும் அவரிடமே பதில் இருக்கிறது. குதிரையிலிருந்து சரிவதாக அவர் வடித்த வீரர்கள் ஆண்கள், அவர்களும் நிர்வாணம்தான்.

எனக்கு மிகவும் பிடித்த சிற்பி ஜாக்கொமோ மன்சு. வத்திக்கானின் புனித பேதுரு பேராலயத்துக்கு ‘மரணத்தின் கதவை’ (1964) வார்த்தவர். கர்தினால்களைத் தலைமுதல் கால்வரை அங்கிக்குள் மூடி, கூம்புபோல வடித்தவரும் அவரே. ஓவியனும் மாடலும் என்பதை அவர் தகட்டிலும் கல்லிலும் பலமுறை வரைந்தார். அதில் பெண் தனியாக இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும் ஆணும் படச்சட்டத்துக்குள் இருக்கிறான். மற்றவர்கள் அந்த ஆணை வெளியே, நாம் நிற்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். 1954இல் சால்ஸ்பர்க்கில் சந்தித்த நடனக்காரி இங்கெ ஷாபெல் (Inge Schabel) என்பவர் மன்சுவுக்கு மாடலாகவும் பிறகு வாழ்க்கைத் துணையாகவும் ஆனார். பெயர் தெரியாத மாடல்களே நிறைந்த இந்தத் துறையில் இவருக்காவது ஒரு பெயர் இருக்கிறது.

சிற்பிகளோடு நிறுத்திவிடாதீர்கள். லூயிஜி பர்த்தொலினியைத் தேடுங்கள். எட்சிங்காரர், சண்டைக்காரர், 1933இல் ஃபாசிச அரசு ஊர்கடத்திய மனிதர். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்துக்கு மூலமான நாவலை எழுதியவரும் இவர்தான். இவருடைய நிர்வாணங்களில் ஒயில் தேடினால் ஏமாந்துபோவீர்கள்.