சமூக அறிவியல் வகுப்பில் அமைதியையும் நடப்புச் செய்திகளையும் கற்பிக்க எதைப் பயன்படுத்தலாம்?

புறா படம், செப்டம்பர் 21 உலக அமைதி தினத்துக்கு ஒரு பேச்சுப் போட்டி, இதைத் தாண்டிப் போக என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மேல் வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். என் யோசனை: இன்று நடக்கும் போரில் தொடங்காதீர்கள், முடிந்துபோன ஒன்றில் தொடங்குங்கள். இன்றைய போர் என்றால் பிள்ளைகள் வீட்டிலிருந்தே ஒரு கட்சியைச் சேர்த்துக்கொண்டு வருவார்கள். அப்புறம் பாடம் நடக்காது, பட்டிமன்றம்தான்.

எனக்குப் பிடித்தது 1998 புனித வெள்ளி ஒப்பந்தம். பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்று வட அயர்லாந்தில் நடந்து, சுமார் 30 ஆண்டுகளில் 3,500 பேருக்கு மேல் பலிகொண்ட சண்டையை முடிவுக்குக் கொண்டுவந்தது அது. ஐ.நா.வின் பீஸ்மேக்கர் தளத்தில் இதுபோன்ற சமாதான ஒப்பந்தங்களின் மூலப் பிரதிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. முழுவதும் வேண்டாம், கைதிகள் பற்றிய பகுதியை மட்டும் எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். போர்நிறுத்தத்தை மதித்த குழுக்களைச் சேர்ந்த கைதிகள் இரண்டு ஆண்டுகளில் விடுதலை. அவர்களில் கொலைக் குற்றவாளிகளும் உண்டு. "நீங்கள் அங்கே வாக்காளராக இருந்தால் சரி என்பீர்களா?" என்று கேட்டு ரகசிய வாக்கெடுப்பு நடத்துங்கள். எண்ணி முடித்த பிறகு, ஒப்பந்தத்தின் மீது அங்கே நடந்த பொது வாக்கெடுப்பின் உண்மையான முடிவைச் சொல்லுங்கள்: வட அயர்லாந்தில் 71 சதவீதம் ஆதரவு. ஏன் மீதிப் பேர் மறுத்தார்கள் என்று பிள்ளைகளே கேட்பார்கள். நீதியும் அமைதியும் எப்போதும் ஒரே பக்கம் நிற்பதில்லை என்பது அங்கேதான் உறைக்கும்.

இதற்குப் பிறகு நடப்புச் செய்திக்கு வரலாம். ஐ.நா. பாதுகாப்பு அவையின் கூட்டப் பதிவுகளும் வாக்கு விவரமும் இணையத்திலேயே உள்ளன. 15 உறுப்பினர்களில் 14 பேர் ஆதரித்தும், நிரந்தர உறுப்பினர் ஒருவரின் வீட்டோவால் ஒரு தீர்மானம் விழலாம். அப்படி விழுந்த ஒன்றை எடுத்து, எதிர்த்த நாடு சொன்ன காரணத்தைப் படிக்க வையுங்கள். பாடநூலில் ஒரு வரியாகக் கிடக்கும் வீட்டோ அப்போதுதான் புரியும்.

செய்தியைச் சரிபார்க்கப் பழக்க, ஸ்டான்ஃபோர்டில் உருவான 'சிவிக் ஆன்லைன் ரீசனிங்' பாடங்கள் போதும். ஒரு தளத்தை நம்பலாமா என்பதை அதற்குள்ளேயே துழாவாமல், வெளியே வந்து மற்றவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்பதுதான் அதன் முக்கியப் பயிற்சி.

உலக அமைதிக் குறியீடு 163 நாடுகளை வரிசைப்படுத்துகிறது. அந்த வரிசையை மனப்பாடப் பகுதி ஆக்கிவிடாதீர்கள், பாவம் பிள்ளைகள். அதன் 23 அளவுகோல்களில் எதைச் சேர்த்திருக்கக் கூடாது, எது விட்டுப்போயிருக்கிறது என்று விவாதிக்கக் கொடுங்கள்.

போர்க்களக் காணொளிகளை வகுப்பில் போட வேண்டாம். போரிலிருந்து தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை யாராவது வகுப்பில் இருந்தால், பாடத்துக்கு முன்பே தனியாகச் சொல்லிவிடுங்கள். "உன் அனுபவத்தைச் சொல்" என்று எல்லோர் முன்னிலும் மட்டும் கேட்காதீர்கள்.