கேள்வி பதில்

கேள்வி: சீரியலைப் பார்ப்பதுபோல டென்னிஸையும் ரசித்துவிட்டுப் போகலாமே, அரசியலும் இனப் பிரச்சினையும் எதற்கு?

பதில்: நானும் தீவிர ரசிகன்தான், ஆனால் பிரிக்க முடியவில்லை. விம்பிள்டனை 1975-இல் வென்ற கறுப்பின அமெரிக்க வீரர் ஆர்தர் ஆஷுக்கு, இனவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா முதலில் விசா மறுத்தது. 2001-இல் அமெரிக்காவின் இண்டியன் வெல்ஸ் போட்டி இறுதியாட்டத்தில் கூட்டம் முழுக்கக் கூச்சலிட்டது, 19 வயது கறுப்பின வீராங்கனை செரீனா வில்லியம்ஸை நோக்கி! அவர் மறுபடி அங்கே ஆடியது 2015-இல்தான். அந்தப் பிடிவாதத்தை மனதார மதிக்கிறேன். 2020 யுஎஸ் ஓபனில் நவோமி ஒசாகா ஏழு ஆட்டங்களுக்கு ஏழு முகக்கவசம் அணிந்துவந்தார், ஒவ்வொன்றிலும் உயிரிழந்த ஒரு கறுப்பினத்தவரின் பெயர்.

சரி, சீரியல் மட்டும் விதிவிலக்கா? 1930-களில் வானொலியில் பிறந்த அமெரிக்கப் பகல்நேரத் தொடர்களில், கறுப்பினக் குடும்பம் ஒன்று தொடக்கம் முதலே மையத்தில் இருந்த தொடர் வர 1989 ஆகிவிட்டது.