கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை

கரண்ட் போய் வந்த பிறகு சிஸ்டம் எழவில்லை என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன். மேசைக் கம்ப்யூட்டரை மனத்தில் வைத்துத்தான் பேசுகிறேன்.

கேள்வி: சார், கரண்ட் வந்ததும் பவர் பட்டனை அழுத்தினேன். ஃபேன் சுற்றவில்லை, ஒரு லைட்டும் எரியவில்லை. எஸ்.எம்.பி.எஸ் போய்விட்டதா?

பதில்: எஸ்.எம்.பி.எஸ், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் பெட்டி, போயிருக்கலாம். ஆனால் புதிது வாங்கக் கிளம்பாதீர்கள். முதலில் அதே பிளக் பாயின்ட்டில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். நடுவில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரை நேராகச் சுவரில் செருகுங்கள். அந்தப் பாக்ஸுக்குள் ஃபியூஸ் இருந்தால் அது போயிருக்கலாம். கேபினெட்டின் பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்ஸுக்கென்று தனி ஸ்விட்ச் இருந்தால் அது ஆனில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதெல்லாம் சரியென்றால் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் அப்படியே விட்டுவிட்டு மறுபடி செருகுங்கள். இது மந்திரம் இல்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸுக்குள் பாதுகாப்புச் சுற்று ஒன்று உண்டு. வோல்ட்டேஜ் தாறுமாறானால் அது தன்னைப் பூட்டிக்கொள்ளும். உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்தால்தான் பூட்டு விடும். செத்துவிட்டதாக நினைக்கும் சிஸ்டங்களில் கணிசமானவை இதிலேயே எழுந்துவிடும்.

எழவில்லையா? பக்கவாட்டு மூடியைக் கழற்றி மதர்போர்டை, அதாவது எல்லாப் பாகங்களும் இணையும் பெரிய பலகையை, பாருங்கள். பல போர்டுகளில் பவர் கார்டு செருகியிருக்கும்வரை ஒரு சின்ன விளக்கு எரியும். அது எரிந்தும் பட்டன் வேலை செய்யவில்லை என்றால், பட்டனையே சந்தேகப்படுங்கள். பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயரை போர்டிலிருந்து உருவிவிட்டு, அது இருந்த இரண்டு ஊசிகளையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி மட்டும் சேர்த்துத் தொடுங்கள். சிஸ்டம் ஓடினால் கெட்டது பட்டன்தான். வேறு ஊசிகளைத் தொட்டுவிடாமல் இருக்க மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்.எம்.பி.எஸ்ஸை மட்டும் தனியாகச் சோதிக்க முடியுமா அண்ணா? மல்டிமீட்டர் இருக்கிறது.

பதில்: மீட்டர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மெயினை அணைத்துவிட்டு, எஸ்.எம்.பி.எஸ்ஸிலிருந்து வரும் எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள். மதர்போர்டுக்குப் போகும் 24 ஊசி கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். அதையும் பக்கத்தில் உள்ள ஏதாவது ஒரு கறுப்பு ஒயரையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டு மெயினைப் போடுங்கள். பெரும்பாலும் ஃபேன் சுற்றும்.

சுற்றிவிட்டது, அதனால் நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். மீட்டரின் கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் வைத்து அளந்து பாருங்கள். மஞ்சளில் 11.4 முதல் 12.6 வோல்ட், சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரவேண்டும். ஊதா ஒயரில் கிளிப் இல்லாமலேயே 5 வோல்ட் வரும். ஊதாவே செத்திருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம், எஸ்.எம்.பி.எஸ்தான் போயிருக்கிறது. சுமை இல்லாமல் அளக்கிறோம் என்பதையும் மறக்காதீர்கள். இங்கே தேறியது, மதர்போர்டை இழுக்கும்போது தடுமாறலாம். எல்லா ஒயரும் கறுப்பாக இருக்கும் மாடல் என்றால், ஊசிகளின் வரிசைப் படத்தைப் பார்க்காமல் கிளிப்பைச் செருகாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ் பெட்டியை மட்டும் திறக்கவே வேண்டாம். பவர் கார்டைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளை அடிக்கும்.

கேள்வி: பல வருடமாக நன்றாக ஓடியது. வெறும் கரண்ட் கட்டில் எப்படிப் போகும்?

பதில்: பெரும்பாலும் கரண்ட் போகும்போது கெடுவதில்லை, திரும்பி வரும்போதுதான் கெடுகிறது. வந்த வேகத்தில் வோல்ட்டேஜ் எகிறும். சில சமயம் வந்து, போய், மறுபடி வரும். இன்னொரு காரணமும் உண்டு. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களுக்குள் இருக்கும் திரவம் வருடக்கணக்கில் மெல்ல வற்றும். சூட்டோடு ஓடிக்கொண்டிருக்கும்வரை எப்படியோ சமாளிக்கும். ஒருமுறை நின்று ஆறிவிட்டால் புறப்பட வலுவிருக்காது. ஏற்கெனவே சாகக் கிடந்ததை கரண்ட் கட் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். மதர்போர்டில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்கவேண்டிய தகடு உப்பியிருந்தாலோ, அதன் கீறல் வழியே பழுப்பாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தாலோ விஷயம் விளங்கிவிடும்.

அடுத்த முறை கரண்ட் போனதும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். வந்து சில நிமிடம் நிலைத்த பிறகு போடுங்கள்.

கேள்வி: ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

பதில்: மானிட்டரின் பவரையும் கேபிளையும் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம் ரேம், அதாவது மதர்போர்டில் செருகியிருக்கும் நினைவகப் பட்டைகள். பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு எல்லா ரேமையும் கழற்றி, ஒன்றை மட்டும் இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பூட்டும்வரை அழுத்திப் போடுங்கள். வரவில்லையா, அடுத்ததைப் போடுங்கள். ஸ்லாட்டையும் மாற்றிப் பாருங்கள். பீப் சத்தம் வந்தால் எண்ணிக்கொள்ளுங்கள். அதன் அர்த்தம் போர்டுக்குப் போர்டு மாறும், மேனுவலில் இருக்கும்.

அதிலும் சரியாகவில்லை என்றால், பவர் கார்டு கழன்றிருக்கும்போதே மதர்போர்டில் உள்ள வட்ட பேட்டரியைச் சில நிமிடம் எடுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். பயாஸின் (கம்ப்யூட்டர் எழும்போது முதலில் ஓடும் நிரல்) அமைப்புகள் தொடக்க நிலைக்குத் திரும்பும். ஒரு எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் வசதி) போட்டிருந்தால், இதற்குப் பிறகு அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று முதலில் செல்போனில் பார்த்துவிட்டு அப்புறம் பேட்டரியில் கை வையுங்கள்.

கேள்வி: ஓடுகிறது, ஆனால் ஒவ்வொரு முறையும் தேதி பழையதாகக் காட்டி எஃப்1 அழுத்தச் சொல்கிறது.

பதில்: அதே வட்ட பேட்டரிதான். சிஆர் 2032, 3 வோல்ட். மாற்றுங்கள்.

கேள்வி: விண்டோஸ் லோகோ வருகிறது, ‘பழுது பார்க்கிறேன்’ என்று சொல்லி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு காப்பி இல்லை.

பதில்: அப்படியென்றால் அணைத்துவிடுங்கள் அம்மா. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பதுதான் இப்போது பெரிய ஆபத்து. டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் கோப்புகளின் கணக்குப் புத்தகம் குழம்பிவிடும். படங்கள் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும்.

விண்டோஸைச் சரிசெய்வது இரண்டாம் வேலை, படங்களை எடுப்பதுதான் முதல் வேலை. வேறு கம்ப்யூட்டரில் ஒரு பென் டிரைவில் லினக்ஸ் (விண்டோஸைப் போன்ற இன்னொரு இயங்குதளம்) ஏற்றி, அதிலிருந்து உங்கள் சிஸ்டத்தைத் தொடங்குங்கள். ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொடாமல் ‘ட்ரை’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் டிஸ்க் அதில் தெரியும். படங்களை வெளி ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எடுத்ததில் நாலைந்தைத் திறந்தும் பாருங்கள். அதன் பிறகு விண்டோஸின் பழுதுபார்க்கும் கருவிகளான ஸ்டார்ட்அப் ரிப்பேர், செக் டிஸ்க் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். செக் டிஸ்க்கை முதலிலேயே ஓட்டச் சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அது கோப்பு அமைப்பை ஒழுங்குபடுத்தப் பார்க்கும், உங்கள் படங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ என்று சத்தம் வந்தால் இதையெல்லாம் செய்யாமல் தரவு மீட்பு நிபுணரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எல்லாம் வேலை செய்கிறது. கேபிள் வழியாக நெட் மட்டும் வரவில்லை.

பதில்: மோடத்தின் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அங்கும் விளக்கு எரியவில்லை என்றால் மதர்போர்டின் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் இடம்) போயிருக்கலாம். இடி மின்னலோடு வந்த கரண்ட் கட்டில் இது சகஜம். அதிர்ச்சி நெட் கேபிள் வழியாகவும் வரும். யூஎஸ்பி லேன் அடாப்டர் போதும்.

கேள்வி: எனக்கு யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போன உடனே சிஸ்டமும் அணைந்தது. ஏன்?

பதில்: பேட்டரி பழசாகியிருக்கும். யூபிஎஸ்ஸில் இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து வருடம்தான் தாங்கும். அதைவிடப் புதிது என்றால் சுமையைப் பாருங்கள். 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) என்று எழுதியிருந்தால் 600 வாட் என்று அர்த்தமில்லை, பெரும்பாலும் 360 வாட்தான் கிடைக்கும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டம் அதைத் தாண்டிவிடலாம். அப்புறம், லேசர் பிரிண்டரை அதில் செருகியிருந்தால் இன்றே எடுத்து சுவருக்கு மாற்றுங்கள்.