கறிவேப்பிலையில் எது இலை?

கேள்வி: சமையலுக்கு உருவிப் போடும் கறிவேப்பிலை ஒவ்வொன்றையும் ‘சிற்றிலை’ என்கிறது என் மகளின் பாடநூல். அப்படியானால் இலை எது?
(வாசகி, திருவாரூர்)

பதில்: இணுக்கு முழுவதும் சேர்ந்துதான் ஓர் இலை. சந்தேகம் வந்தால் காம்பு கிளையோடு சேரும் இடத்தின் மேல்பக்கக் கவட்டைப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒரு மொட்டு இருக்கும். அதற்குக் கோணமொட்டு என்று பெயர். மொட்டு எங்கே இருக்கிறதோ அங்கேதான் இலை தொடங்குகிறது. கறிவேப்பிலை ஈர்க்கின் அடியில் அது உண்டு. சிற்றிலைகளின் அடியில் கிடையாது. முருங்கையில் இன்னும் வேடிக்கை: முழ நீளத்துக்கு வரும் கீரை இணுக்கு மும்முறை கிளைத்த ஒற்றை இலை!

பறிக்கும்போதும் இந்த மொட்டை நினைவில் வையுங்கள். இணுக்கைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுத்தால் பட்டை உரிந்து மொட்டும் கூடவே வந்துவிடும், அந்த இடத்தில் பிறகு துளிர் வராது. அடிக்காம்பில் கொஞ்சம் விட்டுக் கத்தரியுங்கள். செடி பக்கவாட்டில் அடர வேண்டுமானால் கிளை நுனியையும் கிள்ளிவிடலாம்.

கேள்வி: சப்பாத்திக்கள்ளியின் தட்டையான பச்சைப் பகுதி இலையா?
(வாசகர், விருதுநகர்)

பதில்: தண்டு. இலைகள்தான் முள்ளாக மாறிவிட்டன.

கேள்வி: மொட்டைமாடித் தொட்டியில் எலுமிச்சை இலைகள் மஞ்சளாகின்றன. உரம் வைத்தும் மாறவில்லை.
(வாசகர், சென்னை)

பதில்: எந்த இலை மஞ்சளாகிறது என்று நீங்கள் எழுதவில்லையே! நோயைச் சொல்வது அதுதான். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் ஒரே சீராக வெளிறினால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து சத்தை உறிஞ்சிக் கொழுந்துக்கு அனுப்பிவிடுகிறது. முதிர்ந்த இலையில் காம்பை ஒட்டி மட்டும் ‘வி’ வடிவில் பச்சை மிஞ்சினால் மெக்னீசியக் குறை. நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கொழுந்திலேயே தெரிந்தால் இரும்புக் குறை. இரும்பு பழைய இலையிலிருந்து நகர்ந்து வராது.

உப்பான போர்வெல் தண்ணீர் ஊற்றும் தொட்டிகளில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான். மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தன்மையால் வேருக்கு எட்டாது. அதனால் மேலும் மேலும் உரம் கொட்டுவது வீண். 1 லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, பிறகு 5 கிராம் அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். எலுமிச்சையின் இலைத்துளைகள் அடிப்பக்கத்தில்தான் உள்ளன. 15 நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை போதும். கரைசல் துருநிறமானால் கொட்டிவிடுங்கள். உச்சி வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

கேள்வி: வேப்பிலைக்கட்டி அரைத்தால் நார் நாராக இருக்கிறது, கசக்கிறது, சீக்கிரம் பூசணமும் பிடிக்கிறது.
(வாசகி, கும்பகோணம்)

பதில்: பெயரில் மட்டும்தான் வேப்பிலை, போடுவது எலுமிச்சை, நார்த்தை இலைகள். நார் வருவதற்குக் காரணம் நடுநரம்பு. இலையை நீளவாக்கில் மடித்து, காம்பைப் பிடித்து நுனிவரை உரித்தால் நரம்பு தனியே வந்துவிடும். முற்றிய இலை கசக்கும். இளம்பச்சையில் பளபளக்கும் இலையாகப் பறியுங்கள். கழுவித் துணியில் ஈரம் போக உலர்த்துங்கள். 2 கப் இலைக்கு வறுத்த மிளகாய் 8, ஓமம் 1 தேக்கரண்டி, சிறு நெல்லிக்காய் அளவு புளி, பெருங்காயம், உப்பு. மிளகாயையும் ஓமத்தையும் பொடித்த பிறகு இலையைச் சேர்த்து, தண்ணீர் விடாமல் விட்டுவிட்டு அரையுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாலும் பூசணம்தான்.

கேள்வி: வாழையிலையில் சாதம் கட்டினால் மடிக்கும் இடத்தில் கிழிகிறது.
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: வாழையிலை நரம்புகள் நடுநரம்பிலிருந்து விளிம்புவரை பக்கம் பக்கமாக ஓடுகின்றன. மாவிலைபோல வலையாகப் பின்னியிருப்பதில்லை. அதனால்தான் காற்றில் இலை கீற்றுக் கீற்றாகக் கிழிகிறது. மரத்துக்கு அது நல்லதே, முழு இலையும் பாய்போல் காற்றை வாங்கினால் மரம் சாய்ந்துவிடும். பொட்டலத்துக்கு, நடுநரம்பின் பின்பக்கத் தடிப்பைக் கத்தியால் சீவிவிட்டு, இலையைத் தணலுக்கு மேல் மெல்ல நகர்த்தி வாட்டுங்கள். மேல்பூச்சு மெழுகு உருகி, வெளிர்ந்த பச்சை திடீரென்று கரும்பச்சையாகிப் பளபளக்கும். அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் அப்பளம்போல் நொறுங்கும்.