வேறு வேறு கம்பெனி மின்வாகன சார்ஜர்களை ஒரே மேலாண்மை மென்பொருளில் இணைக்க முடியுமா?

முடியும். உங்கள் அபார்ட்மென்டில் இருப்பவை இரண்டு கம்பெனிகளின் சார்ஜர்கள், கணக்குப் பார்க்கும் மென்பொருள் மூன்றாவது ஒருவருடையது என்கிறீர்கள். எல்லாமே ஓசிபிபி, அதாவது ஓபன் சார்ஜ் பாயின்ட் ப்ரோட்டோகால் பேசினால் போதும். நெதர்லாந்தின் மின்விநியோக நிறுவனங்கள் சேர்ந்து அமைத்த ஈலாட் அமைப்பில் பிறந்த திறந்த நெறிமுறை இது, அதாவது சார்ஜரும் மென்பொருளும் பேசிக்கொள்ள யாரும் பயன்படுத்தக்கூடிய பொது மொழி. 2015இல் வந்த 1.6 பதிப்புதான் இன்றும் பெரும்பாலான சார்ஜர்களில் இருக்கிறது. விவரத்தாளில் '1.6 ஜே' என்று இருக்கிறதா பாருங்கள். ஜே என்றால் செய்திகள் ஜேசன் என்ற எழுத்து வடிவில், வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைய இணைப்பு வழியாகப் போகும்.

இணைக்கும் வேலை சின்னதுதான். சார்ஜரின் அமைப்புப் பக்கத்தில் சர்வரின் (மேலாண்மை மென்பொருள் ஓடும் கணினியின்) முகவரி, சார்ஜரின் அடையாள எண், சிம் போட்டால் அதன் ஏபிஎன் (சிம் இணையத்துக்குப் போகும் வழியின் பெயர்), இவற்றைக் கொடுக்க வேண்டும். சார்ஜர்தான் சர்வரைத் தேடிப் போய் இணையும். சர்வர் சார்ஜரைத் தேடி வராது. அதனால் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) உள்ள சிம் கட்டாயம் என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். இணைந்ததும் சார்ஜர் 'பூட் நோட்டிஃபிகேஷன்' என்ற அறிமுகச் செய்தியை அனுப்பும். சர்வர் ஏற்றுக்கொண்டால் சரியான நேரத்தையும், எத்தனை நொடிக்கு ஒருமுறை 'ஹார்ட்பீட்' (இணைப்பில் இருக்கிறேன் என்ற சிறு செய்தி) அனுப்ப வேண்டும் என்பதையும் பதிலில் சொல்லும். சார்ஜர் தன் கடிகாரத்தை அந்த நேரத்துக்குத் திருத்திக்கொள்ளும்.

இதுவரை யார் செய்தாலும் வந்துவிடும். நெட்வொர்க் போகும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். அடித்தளப் பார்க்கிங்கில் அது போகாமல் இருக்காது.

1.6 பதிப்பில் ஒவ்வொரு சார்ஜிங்குக்கும் எண் கொடுப்பது சர்வர். சார்ஜர் 'ஸ்டார்ட் ட்ரான்சாக்ஷன்' (சார்ஜிங் தொடங்கியது என்ற செய்தி) அனுப்புகிறது, சர்வர் பதிவு செய்கிறது, ஆனால் பதில் போய்ச் சேருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது என்று வையுங்கள். சார்ஜர் அதே செய்தியை மறுபடி அனுப்பும். சர்வர் கவனமாக எழுதப்படவில்லை என்றால் ஒரே வண்டிக்கு இரண்டு கணக்கு திறக்கும். ஒன்று மூடப்படும், மற்றொன்று ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை. 2020இல் வந்த 2.0.1 இதைச் சரிசெய்தது: எண்ணைச் சார்ஜரே உருவாக்குகிறது, ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் உண்டு, நடுவில் ஒன்று தொலைந்தாலும் சர்வருக்குத் தெரிந்துவிடும். புதிதாக வாங்கப்போகும் சார்ஜர்களுக்கு 2.0.1 கேளுங்கள் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இணைத்துத் தருபவருக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம் செய்யுங்கள். வண்டியைச் சார்ஜில் போட்டுவிட்டு நெட்வொர்க்கைத் துண்டியுங்கள். அந்த நிலையிலேயே சார்ஜை நிறுத்துங்கள். கொஞ்ச நேரம் கழித்து நெட்வொர்க்கைத் திரும்பக் கொடுங்கள். சார்ஜர் சேர்த்துவைத்த செய்திகள் சர்வருக்குப் போய், ரசீதில் வரும் யூனிட்டும் சார்ஜர் மீட்டரின் தொடக்க, முடிவு அளவுகளின் வித்தியாசமும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்தச் செய்திகளில் மீட்டர் அளவு வாட்-மணியில் வரும், யூனிட் ஆக்க 1000ஆல் வகுக்க வேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்து, சார்ஜ் ஏறும்போதே மெயினை அணைத்துப் பாருங்கள்; மின்சாரம் திரும்பிய பிறகும் கணக்கு அந்தரத்தில் நிற்கக் கூடாது. நெட் இல்லாதபோது குடியிருப்பவர்களின் கார்டை ஏற்க, அனுமதிப் பட்டியல் சார்ஜருக்குள்ளேயே இருக்க வேண்டும். அதையும் அப்போதே சோதித்துவிடலாம்.

இன்னொரு விஷயம், மின்சுமை. 7.4 கிலோவாட் சார்ஜர் பத்து ஒரே நேரத்தில் ஓடினால் 74 கிலோவாட். உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட சுமை அதைத் தாங்காவிட்டால், மென்பொருள் சார்ஜர்களுக்கிடையே மின்சாரத்தைப் பங்கிட வேண்டும். 1.6இல் இந்த 'ஸ்மார்ட் சார்ஜிங்' கட்டாயம் இல்லை. அடிப்படைப் பகுதி மட்டும்தான் கட்டாயம். ஆகவே '1.6 உண்டு' என்ற பதிலோடு திருப்தி அடையாமல், ஸ்மார்ட் சார்ஜிங் பகுதி இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள்.

பாதுகாப்புக்கு, சர்வர் முகவரி 'டபிள்யூஎஸ்எஸ்' என்று தொடங்க வேண்டும். வெறும் 'டபிள்யூஎஸ்' என்றால் கார்டு எண்கள் மறையாக்கம் இல்லாமல் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சார்ஜரின் நிர்வாகக் கடவுச்சொல்லை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சில விற்பனையாளர்கள் சர்வர் முகவரியை மாற்ற முடியாதபடி பூட்டிவைக்கிறார்கள். அப்படிப்பட்ட சார்ஜர் எந்தப் பதிப்பு பேசினாலும், மென்பொருளை மாற்ற நினைக்கும் நாளில் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே வாங்கிவிட்ட சார்ஜர்களுக்கும் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.