காடா, கடலா? ஹேவ்லாக்கில் எது முதலில்?

கேள்வி: டிசம்பரில் குடும்பத்தோடு அந்தமான் போகிறோம். ஹேவ்லாக் தீவில் காட்டு நடை, ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்கடியில் மூழ்குவது) இரண்டுக்கும் ஆசை. எதை எப்போது வைக்கலாம்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அங்கேயும் நம் நேரம்தான், ஆனால் டிசம்பரில் சாயங்காலம் 5 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும். மதியம் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புகிற நம் வீட்டு வழக்கம் செல்லாது. எலிஃபென்ட் பீச்சுக்குக் காட்டு வழியாக நடப்பதைக் காலையிலேயே வையுங்கள். மழை பெய்திருந்தால் சேற்றிலிருந்து கால் வந்தாலும் செருப்பு வராது. பின்னால் வார் வைத்ததே நல்லது. பாதை மூடியிருந்தால் ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து படகு உண்டு.

அப்புறம் ஸ்கூபா. அதைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். ஆழத்தில் சுவாசித்த காற்றிலிருந்து உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற வேண்டும். விமானம் ஏறுமுன் 18 மணி நேரமாவது விடுங்கள். வீட்டுக்காரர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.