மோனேயின் சூரியன் ஏன் ஒட்டிய பொட்டாகத் தெரிகிறது?

வணக்கம். பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே 1872இல் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தைத் தீட்டிய ‘இம்ப்ரெஷன், சன்ரைஸ்’ ஓவியத்தை ஏ4 தாளில் அக்ரிலிக் வண்ணத்தால் பார்த்து வரையும்போது, சூரியன் ஒட்டிவைத்த பொட்டு போலத் துருத்தி நிற்பதாகவும், நீர்ப்பரப்பு சேறாகக் கலங்கிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

சூரியன் பிரகாசிக்க வேண்டும் என்று ஆரஞ்சில் வெள்ளையைச் சேர்த்திருப்பீர்கள் என நினைக்கிறேன். மூல ஓவியத்தின் படத்தைக் கைப்பேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். சூரியன் ஏறக்குறைய மறைந்தே போகும். அதன் வெளிச்ச அளவு சுற்றியுள்ள வானத்துக்கு மிக நெருக்கமாக இருக்க, சாம்பல் நீலத்துக்கு எதிரே நிற்கும் ஆரஞ்சின் செறிவே அதை ஒளிரச் செய்கிறது. இந்த ஒரு நுட்பத்துக்காகவே இந்த ஓவியத்தைப் படியெடுக்கலாம் என்பேன். ஆகவே வானத்தை முதலில் முடித்துவிட்டு, கலந்த ஆரஞ்சை ஒரு துண்டுத் தாளில் தடவி, அது காய்ந்தபின் (அக்ரிலிக் காயும்போது சற்றே கருக்கும்) வானத்தின் மேல் வைத்துக் கறுப்பு வெள்ளையில் சோதித்த பிறகே ஓவியத்தில் இடுங்கள்.

நீர் கலங்குவதற்குக் காரணம், சூரியனின் பிரதிபலிப்புக்காக ஈரமான நீலத்தின் மேல் ஆரஞ்சைத் தேய்ப்பதாகவே இருக்க வேண்டும். நீலம், ஆரஞ்சு போன்ற எதிர் நிறங்கள் கலந்தால் சாம்பலும் பழுப்புமே கிடைக்கும். நீலம் முழுதும் காய்ந்தபின், தண்ணீர் சேர்க்காத கெட்டியான வண்ணத்தை எடுத்து, ஒரு கீற்றுக்கு ஒரு முறை மட்டுமே தூரிகையை வையுங்கள், திருத்தப் போகாதீர்கள். படகுகளையும் உருவரை போடாமல், சில கரிய தீற்றல்களோடு நிறுத்துங்கள். மூல ஓவியம் 48 × 63 செ.மீ. என்பதால், அதில் பாதி அளவுக்காவது தாள் கிடைத்தால் கை தாராளமாக அசையும்.